பாவாபுரித் தீபமும் சிவகாசி வெடியும்

தீபாவளி அறவுரை



ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை விடியும் வேளையில், பாவாபுரியில் நம் இருபத்துநான்காம் தீர்த்தங்கரர் பகவான் மகாவீரர் வினையெல்லாம் அறுத்து வீடுபேறு எய்தினார். கி.மு. 527ஆம் ஆண்டு நிகழ்ந்ததாக நம் மரபு கணக்கிடும் அந்நாளிலேயே அவருடைய தலைமைக் கணதரராகிய கௌதமர் கேவல ஞானம் பெற்றார். ஞானச் சுடர் ஒன்று உலகை நீங்க, மற்றொன்று ஏற்றப்பெற்ற அந்நாளை மக்கள் தீப வரிசையால் சிறப்பித்தனர் என்ற செய்தியைக் கி.பி. 783இல் ஜினசேனாசாரியர் இயற்றிய அரிவம்ச புராணம் கூறுகிறது. தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களும் 1954இல் வெளிவந்த 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இத்திருநாளின் சமணத் தொடர்பை எடுத்துரைத்துள்ளார்.

ஆவளி என்றால் வரிசை. தீபங்களின் வரிசையே தீபாவளி. வெடிமருந்து இந்நாட்டிற்கு வந்ததோ பாவாபுரி நிகழ்ச்சிக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்ட காலத்தில். எனினும் இன்று நம் இல்லத்துப் பிள்ளைகளிடம் தீபாவளி என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது எது என்று கேட்டால், அகல்விளக்கு என்று விடை சொல்வோர் எத்தனை பேர்? அதிகாலையில் ஆலயத்தில் நிர்வாண பூசை செய்துவிட்டு, வீடு திரும்பியதும் வாசலில் சரவெடி கொளுத்தும் வழக்கம் நம்மவரிடமும் புகுந்துவிட்டது. ஊரோடு ஒத்து வாழ்கிறோம் என்று அதற்குக் காரணமும் கூறுகிறோம். அக்காரணம் அறத்தின் முன் நிற்குமா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பயனில் தீமை விலக்கும் விரதம்

இல்லறத்தார்க்கு உரிய பன்னிரண்டு விரதங்களை நாம் அறிவோம். அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். அர்த்தம் என்பது பயன். அனர்த்தம் என்பது பயனின்மை. தண்டம் என்பது பிற உயிர்க்குச் செய்யும் துன்பம். வாழ்க்கை நடத்துவதற்கு இன்றியமையாத செயல்களிலும் சிறிது துன்பம் நேர்வதுண்டு. உழுதலும் சமைத்தலும் வீடு கட்டுதலும் அத்தகையன. இல்லறத்தார் அவற்றை முற்றிலும் விட இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் உணர்ந்திருந்தனர். ஆயின், எந்தத் தேவையும் இன்றி, வெறும் பொழுதுபோக்கிற்காகவும் கவனக்குறைவாலும் செய்யும் தீமையை அவர்கள் தனியே பிரித்து எடுத்து, அதனை விடுவதற்கென்றே ஒரு விரதத்தை வகுத்தனர்.

சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்திலும், அதன் வழிவந்த நம் தமிழ் அருங்கலச்செப்பிலும் இவ்விரதத்தின் விரிவைக் காணலாம். பயனில் தீமை ஐந்து வகைப்படும். அவற்றுள் இரண்டை இங்கே சிந்திப்போம். ஒன்று, இம்சாதானம். பிற உயிரை வருத்துதற்குரிய படைக்கலம், நெருப்பு, நஞ்சு முதலியவற்றைப் பிறர்க்குக் கொடுப்பது இது. மற்றொன்று, பிரமாதசரியை. வீணாக மண்ணைத் தோண்டுவது, நீரைச் சிந்துவது, நெருப்பை மூட்டுவது, காற்றைக் கிளறுவது, செடிகொடிகளை அறுப்பது ஆகிய மறதிச் செயல்களை இச்சொல் குறிக்கும்.

மண், நீர், தீ, வளி, மரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உள என்பது ஜினர் வாக்கு. சுற்றுச்சூழல் என்று இக்காலத்தார் பேசுவதை நம் முன்னோர் உயிர்த்தொகுதியாகவே கண்டனர். குடிக்கும் நீரைத் துணியால் வடிகட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் முகந்த அதே கிணற்றிலோ குளத்திலோ மெல்லச் சேர்ப்பித்தார்கள். விளக்கொளியை நாடிவரும் பூச்சிகள் உணவில் விழுந்து மடியுமே என்று பொழுது சாயுமுன் உண்டார்கள். கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கும் இரங்கிய அதே இல்லத்து முற்றத்தில், வருடத்திற்கு ஒரு நாள், ஆயிரம் வெடிகளைச் சரமாகக் கோத்துக் கொளுத்துவது பொருந்துமோ? பிரமாதசரியைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கரிசல் மண்ணின் கதை

நாம் கொளுத்தும் வெடி பிறக்கும் இடத்தைச் சிறிது காண்போம். விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த வறண்ட பூமி. காற்றில் ஈரம் குறைவு, வெயில் மிகுதி. வேளாண்மைக்கு இடரான அதே இயல்பு, மருந்து பூசிய குச்சியையும் காகிதக் குழலையும் உலர்த்துவதற்கு ஏற்றதாயிற்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பட்டினி நீக்க வழி தேடிய ஊருக்கு அது வாழ்வு கொடுத்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் பட்டாசு ஆலைகள் பெருகின. வண்ணத்தாள் அச்சிடும் தொழிலும் உடன் வளர்ந்தது. இன்று நாட்டின் பட்டாசுகளில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், விருதுநகர், வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்திலிருந்தே செல்கிறது.

வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியத் தூள் ஆகியன அதன் அடிப்படைப் பொருள்கள். பச்சை ஒளிக்குப் பேரியம், சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்ஷியம் என வண்ணத்திற்கு ஓர் உப்பு சேரும். இவற்றைக் கலப்பதும், குழலில் செலுத்துவதும், திரி வைப்பதும் மனிதர் கைகளே. சிறு உராய்வு போதும். கலந்து வைத்த மருந்தில் ஈரம் பட்டு வெப்பம் மூண்டாலும் போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். தீயைக் கண்டு உதவிக்கு ஓடிச்சென்ற ஊர்மக்களும் அவர்களுள் இருந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து. பெயரும் கணக்கும் நாளேட்டில் ஒரு நாள் வந்து மறையும் சிறு விபத்துகளோ ஆண்டுதோறும் தொடர்கின்றன. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும் ஆட்களும் ஓர் அறையில் சேர்வதும், உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விடுவதும், பண்டிகை நெருங்க நெருங்க வேலையை விரைவுபடுத்துவதும் இவ்விபத்துகளுக்குக் காரணங்களாகத் திரும்பத் திரும்பக் கூறப்பட்டுள்ளன.

நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் இத்துறையில் பலமுறை தலையிட்டது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், குழந்தைகளை வேலைக்கு அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரமே ஒதுக்கியது. 2021இல் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. சட்டம் தன் கடமையைச் செய்கிறது. ஆயினும் சட்டம் வாசலளவில் நிற்கும். விரதம் உள்ளத்தளவில் செல்லும். இரண்டு மணி நேரம் வெடிக்கலாம் எனச் சட்டம் அனுமதிப்பதால், சிராவகன் வெடிக்கலாம் என்று பொருளாகாது.

வாங்குவோர்க்கும் பங்கு உண்டு

"நாங்கள் வெடி செய்யவில்லை, கடையில் வாங்குகிறோம், அவ்வளவே" என்று சிலர் கூறக்கூடும். வினை வரும் வழிகளை நம் ஆகமம் மூன்றாகப் பகுத்துள்ளது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். மூன்றும் வினைக்கு வாயிலே. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும், உண்பார் பொருட்டே விற்பார் உளர் என்னும் நியாயத்தை முன்வைக்கிறது. ஊன் விடயத்தில் இந்நியாயத்தை எடுத்துரைத்துப் பெருமை கொள்ளும் நாம், வெடி விடயத்தில் மட்டும் அதனை மறப்பது எங்ஙனம்?

இங்கே ஒரு நுட்பத்தையும் கருத வேண்டும். ஆடிப்பெருக்கு நாளில் பூசை செய்து சிவகாசி வணிகர்கள் புதிய பருவ விற்பனையைத் தொடங்குவது வழக்கம். அப்போதே சரக்கின் பெரும்பகுதி உருவாகிக்கொண்டிருக்கும். ஆதலின், ஐப்பசியில் கடைத்தெருவில் நின்றுகொண்டு வாங்கலாமா வேண்டாமா என்று எண்ணுவது காலங்கடந்த எண்ணமாகும். அவ்வெடிக்காக ஒரு தாய் தன் உயிரைப் பணயமாக வைத்து மருந்து செலுத்தியாயிற்று. நம்மிற் பலர் மாதந்தோறும் பணம் கட்டும் தீபாவளிப் பட்டாசுச் சீட்டு, பண்டிகை முடிந்த சில வாரங்களிலேயே அடுத்த ஆண்டிற்குத் தொடங்கிவிடுகிறது. விரதம் ஏற்க வேண்டிய நேரம் அதுவே.

மறுபக்கமும் காண்க

அநேகாந்தம் பயின்றவர் ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறார். இத்தொழிலை நேராகவும் சார்ந்தும் இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் வேறு வேலை கிடைக்காத கரிசற்காட்டு ஏழைகள். அவர்களிலும் பெண்கள் மிகுதி. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டபோது, அடுப்பு எரியாதது அவர்கள் வீட்டிலேதான். நாம் வெடியை விட்டுவிட்டு, "என் கை தூய்மை" என்று அமர்ந்தால், அவ்விரதத்தில் கருணை எங்கே? உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துவதை நாம் அறிவோம். விட்ட பொருளுக்குரிய பணம் எங்கே செல்கிறது என்பதையும் கருதினால்தான் விரதம் நிறைவுபெறும்.

இதற்கு வழியும் அதே ஊரில் உள்ளது. சிவகாசி வெடிக்கு மட்டும் பெயர்பெற்ற ஊர் அன்று. நாட்காட்டி, நாட்குறிப்பு, பள்ளிக் குறிப்பேடு, அழைப்பிதழ், வண்ண அட்டைப்பெட்டி என அச்சுத் தொழிலிலும் அது புகழ்பெற்றது. பட்டாசுக்கு ஒதுக்கிய தொகைக்குச் சிவகாசியில் அச்சான குறிப்பேடுகளை வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்கினால், பணம் அதே மண்ணுக்குத்தான் போகிறது. அதனை ஈட்டும் கை மட்டும் நெருப்பின் அருகே இராது. பிள்ளைகள் எழுதும் ஏடு ஞானதானம் ஆகும். வெடி விற்பனை குறையுமளவு இவ்வகைத் தொழில் பெருகினால், அங்குள்ள தாய் தன் மகளை மருந்தறைக்கு அனுப்பாமல் அச்சகத்திற்கோ பள்ளிக்கோ அனுப்ப இயலும்.

முன் நடப்பவரே தலைவர்

"நான் ஒருவன் விட்டால் என்ன ஆகும்?" என்பது அடுத்த ஐயம். சிவகாசியிலிருந்து தெற்கே, கோவில்பட்டியை அடுத்துள்ள கழுகுமலைக்கு நம்மிற் பலர் சென்று வழிபட்டிருப்போம். பாண்டியர் காலத்தில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில், அம்மலையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. அவற்றின் கீழே உள்ள வட்டெழுத்துகள் மன்னர் புகழைப் பேசவில்லை. தனித்தனி மனிதர்களின் பெயர்களையே பேசுகின்றன. பல ஊர்களிலிருந்து வந்த அடியவர்களும், குரத்தியர் எனப் போற்றப்பட்ட பெண்பாற் சமண ஆசிரியர்களும், அவர்தம் மாணாக்கரும் ஆளுக்கொரு திருமேனியாகச் செய்வித்தனர். ஒருவர் செய்தது ஒன்றே. பலர் செய்தபோது மலையே அறக்கோயிலாயிற்று. இன்று தீப்பெட்டியும் வெடியும் செய்யும் வட்டாரத்தின் நடுவே அம்மலை நின்றுகொண்டிருக்கிறது.

விருதுநகர் தரும் பாடம் மற்றொன்று. அங்கே 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை ஊர் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் எடுத்த மகமையாலும், இல்லந்தோறும் பெண்கள் உலையிடும் முன் எடுத்துவைத்த பிடியரிசியாலும் வளர்த்தனர். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராகி ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்த காமராசர் பயின்றது அப்பள்ளியில்தான். ஒரு பிடி அரிசி யாருக்கும் சுமையாகவில்லை. ஆயினும் அதனை நாள் தவறாமல் எடுத்து வைத்தது ஒரு தலைமைப் பண்பு.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்துள்ள வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூடு கட்ட வருகின்றன. 1977இல் அரசு அவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வெடிப்பதில்லை. விருந்தாக வந்த பறவை குஞ்சை விட்டுப் பறந்துவிடும் என்பதே அவர்கள் கூறும் காரணம். அவர்கள் சமணர் அல்லர். அனர்த்ததண்டம் என்ற சொல்லையும் கேட்டிரார். ஆயினும் அவ்விரதத்தை ஊரே காத்து வருகிறது. ஓரைந்து விரதங்களின் பெயரையும் பிழையின்றிக் கூறும் நாம் அவர்கள் முன் நாண வேண்டாவா?

இவ்விரதத்திற்குக் கூறப்பட்ட குற்றங்கள் ஐந்தனுள் மௌகரியம் என்பதும் ஒன்று. அளவின்றிப் பேசுதல் என்பது அதன் பொருள். காற்று மாசு பற்றியும் புவி வெப்பம் பற்றியும் மேடைதோறும் பேசிவிட்டு, தன் இல்லத்தில் ஒன்றையும் மாற்றாதவர் இக்குற்றத்திற்கு ஆளாகிறார். தலைமை என்பது பிறரை ஏவுவதன்று. மகாவீரர் அரச மாளிகையைத் துறந்து, பன்னிரண்டு ஆண்டுகள் தவம் ஆற்றி, முழுதுணர்ந்த பின்னரே அறம் உரைத்தார். நடந்து முடித்த பாதையையே பிறர்க்குக் காட்டினார்.

இல்லத்தில் தொடங்குவோம்

இனிச் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, குடும்பத் தலைவரும் தலைவியும் இத்தீபாவளி முடிந்தவுடன் பட்டாசுச் சீட்டில் சேராதிருக்க உறுதி ஏற்றல் வேண்டும். கடை வைத்திருப்போர் பணியாளர்க்கும் வாடிக்கையாளர்க்கும் பட்டாசுப் பெட்டியைப் பரிசளிப்பது இம்சாதானமேயாகும். அதற்கு மாற்றாக இனிப்பும், குறிப்பேடும், நாட்காட்டியும் வழங்கலாம்.

இரண்டாவது, அவ்வாறு மிஞ்சும் தொகையைப் பிடியரிசிபோல் வீட்டு உண்டியலில் சேர்த்து, வெடிவிபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விக்கும் பிற அபயதானத்திற்கும் அளித்தல் வேண்டும். மிச்சப்படுத்திய பணத்தில் வேறோர் ஆடம்பரப் பொருளை வாங்கினால் துறவு பொருளற்றதாகிவிடும்.

மூன்றாவது, பிள்ளைகளை அதட்டி வெடியைப் பறிக்க வேண்டா. அடக்கப்பட்ட ஆசை அடுத்த வீட்டு வாசலுக்குச் செல்லும். அமாவாசை வைகறையில் அவர்களை எழுப்பி, விளக்கேற்றும் உரிமையை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பாவாபுரியின் வரலாற்றைப் பாட்டி கூறட்டும். சாத்தூர்த் தாயின் உழைப்பைத் தந்தை கூறட்டும். தானே உணர்ந்து விடும் பிள்ளை பத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும். அண்டை வீட்டார் வெடித்தால் அவர்களைப் பழிக்கவும் வேண்டா. அறியாதாரிடம் நடுவுநிலைமை கொள்ளுதலும் நம் பாவனைகளுள் ஒன்றன்றோ?

நான்காவது, இவ்விரதத்தைத் தீபாவளியோடு முடிக்கலாகாது. நாள்தோறும் மாலைச் சாமாயிகத்தில் அமரும்போது ஐந்து வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இன்று மண்ணில் மட்காத பொருள் எதையேனும் எறிந்தேனா? தொட்டி நிரம்பிய பின்னும் மின்விசை நீரேற்றியை ஓடவிட்டேனா? ஆளில்லாத அறையில் விளக்கை எரியவிட்டேனா? குப்பையையும் நெகிழியையும் கொளுத்திக் காற்றைக் கெடுத்தேனா? தேவையின்றி ஒரு கிளையையேனும் ஒடித்தேனா? நிலம், நீர், தீ, வளி, மரம் என்னும் ஐவகை ஓரறிவுயிர்க்கும் நாம் செய்த பிழை இவ்வைந்து வினாக்களில் அடங்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்துள்ளது. நம் ஆலயத் திருவிழாப் பந்தியிலேனும் நெகிழிக் குவளை காணப்படாதிருக்க, ஊருக்கு ஒருவர் பொறுப்பேற்றால் போதும். அடுப்புப் பற்றவைக்கவும் விளக்கேற்றவும் எறிந்துவிடும் நெகிழி எரிகருவியை விட்டுத் தென்மாவட்டத் தீக்குச்சியைப் பயன்படுத்துவதும் சிறு நன்மையே. குச்சி மட்கும், அதனால் ஓர் ஏழைக்கும் கூலி கிடைக்கும்.

பெருமக்களே! வீடுபேறு எய்தும் நேரத்தில் பகவான் எந்த உயிரையும் அச்சுறுத்தவில்லை. அமைதியாக யோகத்தில் நின்றார். வினை தானே உதிர்ந்தது. அந்த விடியலைக் கொண்டாடும் நம் இல்லத்தின் ஒலியால், கூட்டில் உறங்கும் பறவை அஞ்சக் கூடாது. தொட்டிலில் உறங்கும் குழந்தை அழக் கூடாது. விருதுநகர்ச் சீமையில் எவர் வீட்டு விளக்கும் அணையக் கூடாது. வரும் தீபாவளியில் ஒவ்வோர் இல்லமும் அகல்விளக்கு வரிசையை மட்டும் ஏற்றட்டும். அதனை முதலில் ஏற்றும் இல்லம் நம்முடையதாக இருக்கட்டும்.

அருகன் திருவடி வாழ்க! எவ்வுயிரும் இன்புறுக! நல்லறம் ஓங்குக!